பயந்து சேர்த்த மேற்கோள்கள்

உளவியல் பேராசிரியர் சம்பந்தமூர்த்திக்குத் தன் செல்வாக்கின் மேல் அபாரப் பெருமை. அவர் துறையில் எந்த ஆய்வேட்டைப் பிரித்தாலும் அவர் கட்டுரைகளே மேற்கோளாக நிற்கும். நிற்காமல் எப்படி? அவை இல்லாத ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் முனைவர் பட்டமும் இல்லை.

அவருடைய ஆய்வு மாணவி சுடர்க்கொடியின் முறை வந்தது.

"என் கட்டுரைகள் அத்தனையும் உன் ஆய்வேட்டில் இருக்கவேண்டும்."

"சார், என் தலைப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லையே?"

"உனக்குப் பட்டம் வேண்டுமா, தொடர்பு வேண்டுமா?"

"பட்டம்தான் சார். எந்த இடத்தில் சேர்க்கட்டும்?"

"எங்கேயாவது சேர்த்துவிடம்மா! இதையெல்லாமா என்னிடம் கேட்பது?"

சேர்த்தாள். தன் கட்டுரைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வன்று அரங்கம் நிறைந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் பக்கங்களைப் புரட்டினார்.

"அதிகாரத்துக்குப் பயந்து மனிதர்கள் செய்யும் காரியங்கள் பற்றிய ஆய்வு இது. உங்கள் பேராசிரியரின் கட்டுரைகளை மேற்கோள் பட்டியலில் போடாமல், 'சான்றுகள்' என்ற பகுதியில் போட்டிருக்கிறீர்களே, ஏன்?"

"அவற்றில் ஒன்றுகூட எனக்குப் பயன்படவில்லை, மேடம். சேர்த்தால்தான் கையெழுத்து என்றார், பயந்து சேர்த்தேன். அதனால் அவைதான் என் முதல் சான்று."

பின்வரிசையில் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

தேர்வாளர் பேராசிரியரிடம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, படித்தீர்களா?"

படிக்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஒவ்வொரு வரியும் படித்தேன்" என்றார் சம்பந்தமூர்த்தி.

"முடிவுகளை ஏற்கிறீர்களா?"

அவர் தலையாட்டினார். "முழுமையாக."

பட்டம் உறுதியானது. தேர்வுக்குப் பிந்தைய தேநீர் விருந்தில் சுடர்க்கொடி சமோசாத் தட்டை முதலில் பேராசிரியரிடம்தான் நீட்டினாள்.

"எடுத்துக்கொள்ளுங்கள் சார். இதைப் பயந்து தரவில்லை."