தேர்ச் சக்கரத்தில் பொறித்த ஆண்டு

“எங்கள் உலையில் வெந்த சோறு அம்மா. இலையை மாற்றிப் போட்டு விற்கிறார்கள்.”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே திருமேனிநாதன் பேசத் தொடங்கிவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. தருமக் கண் மருத்துவமனை ஒன்றின் கணினிகளைக் காப்பவர்.

மடத்தில் அமர்ந்திருந்த சிவகாமி அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். துறவு பூணுமுன் கணினி நிரல் எழுதியவர். கணினியை இயக்கும் பொது மென்பொருளான லினக்ஸைத் திருமேனிநாதனுக்குக் கற்பித்தவரும் அவரே. ஆகவே மூத்தவர் மாணவராகவும் இளையவர் ஆசானாகவும் அமைந்துவிட்டது.

“எதை விற்கிறார்கள் ஐயா?”

“லினக்ஸைத்தான். நாடெங்கும் இருந்து பலர் கூலி கேளாமல் கூடிச் செய்யும் பதிப்பு எங்களுடையது. பதினோராண்டாக அதில் ஒரு சிறு பகுதியை நானும் பேணி வருகிறேன். ஒரு நிறுவனம் அதை எடுத்து, வேறு பெயர் சூட்டி, பழுது வந்தால் தானே பொறுப்பு என்று ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுக்கிறது. மருத்துவமனை அதற்கு மாறச் சொல்கிறது.”

“மாட்டேன் என்றால்?”

“அறுவை அரங்கில் கணினி நின்றால் பொறுப்பு நானே என்று கையொப்பமிட வேண்டுமாம். இன்று மாலைக்குள். இரண்டும் வேண்டாம், வேலையை விட்டுவிடலாம் என்று வந்தேன்.”

“கையொப்பம் இட்டால்தான் என்ன?”

“நான் ஒற்றை ஆள் அம்மா. எனக்கும் காய்ச்சல் வருமே!”

அம்மையார் புன்னகைத்தார்.

“இன்னொன்றும் கேளுங்கள். என் பகுதிக்கு எங்கள் பதிப்பில் வெளியீட்டு எண் ஒன்பது. அவர்களிடம் இன்னும் ஆறு! மூன்றாண்டுப் பழையது. பழஞ்சோற்றையா விலை கொடுத்து வாங்குவது?”

வீதியில் மேளம் கேட்டது.

“இன்று தேர். வடம் பிடித்துவிட்டு வாருங்கள்.”

“நான் கேட்டது…”

“காதில் விழுந்தது.”

திருமேனிநாதன் போனார். ஆயிரம் கைகளுக்கு நடுவே தம் கைகளையும் வைத்து இழுத்தார். தொண்டை வறண்டது. வடத்தை விட்டு விலகி, பந்தலில் இரண்டு குவளை மோர் குடித்தார். மடத்துக்குத் திரும்பினார்.

“பிடித்தீர்களா?”

“பிடித்தேன். மோர் குடிக்க விட்டேன்.”

“தேர் நின்றதா?”

“நான் விட்டால் நின்றுவிடுமா? என் இடத்தில் உடனே வேறொருவர் வந்துவிட்டார். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பதிப்பும் அப்படித்தானே அம்மா! அதுதானே அதன் பெருமை!”

“பெருமைதான். இனிக் கொம்பையாவிடம் போய் நில்லுங்கள்.”

கொம்பையா தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர். ஓடும் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர் வேலை. மடத்து வாசலிலிருந்து தெரியும் தெற்கு வீதி முனையில் தேர் இளைப்பாறி நின்றது. கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு அவர் வியர்வையைத் துடைத்தார்.

“வாருங்களேன், மோர் குடித்துவிட்டு வரலாம்” என்றார் திருமேனிநாதன்.

“நல்லா இருக்கு சார் கதை! நான் மோருக்குப் போனா, அந்தா தெரியுது பாருங்க வளையல் கடை, அதுக்குள்ளதான் சாமி எழுந்தருளுவாரு. நிலைக்கு வர்ற வரைக்கும் எங்க வீட்டு ஆளு ஒருத்தர் சக்கரத்தை விட்டு நகரக் கூடாது. கோயிலுக்கு எழுதியே கொடுத்திருக்கோம்.”

“காய்ச்சல் வந்தால்?”

“தம்பி நிப்பான். அவனுக்கும் வந்தா மச்சான். கட்டை மட்டும் நிக்கணும்.”

திருமேனிநாதன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அதில் பொறித்திருந்த ஆண்டு அவர் பிறப்பதற்கு முந்தியது.

“இத்தனை பழைய சக்கரமா!”

“வருஷத்தைப் பார்த்து மிரண்டுட்டீங்களாக்கும்?” கொம்பையா சிரித்தார். “போன மாசம் கீறல் கண்டுச்சு. அம்மன் தேருக்குப் புதுசா அடிச்ச இரும்புப் பட்டை மாதிரியே ஒண்ணு, இந்த அளவுக்கு வெட்டிப் பூட்டியிருக்கோம். சக்கரத்தையே மாத்தினா, எந்த முனையில எப்படித் திரும்பும்னு யாருக்குத் தெரியும்? இது எங்களுக்குப் பழகுன சக்கரம்.”

“பட்டை புதிது. ஆண்டை மாற்றவில்லையே?”

“சக்கரம் அதேதானே சார்.”

திருமேனிநாதன் நிமிர்ந்தார். 

வீதியோரம் நின்று கைப்பேசியை எடுத்தார். அந்த நிறுவனம் தன் பதிப்பில் செய்த மாற்றங்களின் குறிப்பைத் திறந்தார். அவரது பகுதியின் எண் அதே ஆறு. அதன் கீழே, சென்ற மாதம் அடைத்த ஒரு பாதுகாப்பு ஓட்டை. ஒன்பதில் அவர் கண்டு அடைத்த ஓட்டைதான். அவர் எழுதிய பதினான்கு வரிகள், ஆறுக்கு ஏற்றபடி இழைத்துப் பொருத்தப்பட்டிருந்தன.

முடிவில் அவர் பெயர்.

 உடனே மருத்துவமனையை அழைத்தார்.

“அதையே வாங்குங்கள். கணினி நின்றால் யாரைக் கேட்பது என்னும் இடத்தில் அவர்கள் கையொப்பம் இடட்டும். நான் வேலையில்தான் இருக்கிறேன்.”

மடத்துக்கு வந்தபோது அவர் நடை மாறியிருந்தது.

“சொல்லிவிட்டேன் அம்மா. ஓர் ஐயம் மட்டும் மிச்சம். கட்டை போட அங்கே ஆள் இருக்கிறது. இனி அந்த ஒன்பதை நான் ஏன் சுமக்க வேண்டும்?”

அம்மையார் எழுந்து வீதியைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

முட்டுக்கட்டை சக்கரத்தை விட்டு விலகிக் கிடந்தது. தேர் அசையவில்லை. இழுத்தவர்கள் நிழல் தேடி ஒதுங்கியிருந்தார்கள். வடம் புழுதியில் தொய்ந்து கிடந்தது.

கொம்பையா இடுப்பில் கைவைத்துக் கூவினார்: “கட்டையை எடுத்தாச்சு! வந்து பிடிங்கய்யா!”

அம்மையார் விடை சொல்லத் திரும்பினார்.

வாசலில் திருமேனிநாதனின் செருப்பு மட்டும் கிடந்தது.