கன்னார் தெரு அரண்மனைக்குக் குடிவந்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு சிறு நகரத்தை ஆண்ட மகுடவர்மன் என்னும் அரசனுக்கு, எட்டுக் குதிரை பூட்டிய தேரில் நகர்வலம் வரவேண்டும் என்று ஆசை பிறந்தது. அத்தேர் செல்லுமளவு அகலமான வீதி அந்நகரில் இல்லை. பித்தளைப் பாத்திரம் செய்யும் கன்னார் பல தலைமுறைகளாக வாழ்ந்த பழந்தெருவை இடித்தால் வழி கிடைக்கும் என்றார் அமைச்சர் வாமதேவர். அது விகடகவி சாத்தையன் பிறந்த தெரு. அவன்மீது அரசன் காட்டிய அன்பைப் பொறாத வாமதேவர், இடிக்கும் பொறுப்பையும் அவனுக்கே தரவேண்டும் என்றும், மறுப்பானாயின் நாடு கடத்தவேண்டும் என்றும் கூறி அரசனை இசையச் செய்தார்.

சாத்தையன் கலங்கவில்லை. "ஆணைப்படியே, ஊர் வழக்கம் பிசகாமல் செய்து முடிக்கிறேன், அரசே" என்று வணங்கிச் சென்றான்.

மறுநாட் காலையில் அரண்மனை சுத்தியல் ஓசை கேட்டு விழித்தது. கன்னார் தெருக் குடும்பங்கள் யாவும் பாய், பானை, ஆடு, உலை ஆகியவற்றுடன் உள்ளே நிறைந்திருந்தன. அரசாணையைக் காட்டி அழைத்து வந்தவன் சாத்தையன் ஆதலால் காவலர் தடுக்கவில்லை. கொலுமண்டபத் தூண்களுக்கிடையே குழந்தைகளின் தூளிகள் ஆடின. மடைப்பள்ளியில் ஒருத்தி, அரண்மனை ரசத்தில் புளி போதாது என்று சமையற்காரரைத் திருத்திக்கொண்டிருந்தாள். வாமதேவரின் அறையிலோ மாடக்கண்ணு என்னும் கன்னார், கோயிலுக்கு அண்டா தட்டத் தொடங்கிவிட்டார். அமைச்சர் சீறியபோது அவர் தலை நிமிராமலே, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி. பொறி பட்டா பட்டு வேட்டி பொசுங்கிப்போயிரும்" என்றார்.

சில நாள் பொறுத்த அரசன் சாத்தையனை அழைத்தான். "தெருவை இடிக்கச் சொன்னால், அதை என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே?"

"அரசே, கன்னார் தெருவில் தனிச்சுவரே கிடையாது, ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பொதுச்சுவரை இடிப்பவர், கடப்பாரையை எடுக்குமுன் அண்டை வீட்டாரைத் தம் வீட்டில் குடிவைத்துச் சோறிட வேண்டும் என்பது இந்நகரத்து வழக்கம். எண்ணெய் வாணிகர் ஒருவருக்குத் தாங்களே அவ்வாறு தீர்ப்பளித்தீர்கள். இங்கே இடிப்பவர் தாங்கள்."

"எதுவரைக்கும்?"

"இடித்த சுவர் மீண்டும் எழும்வரைக்கும்."

"அங்கே வீதியல்லவா வரப்போகிறது? சுவர் எப்படி எழும்?"

"எழாது, அரசே. அதனால்தான் மாடக்கண்ணு, மகன் கல்யாணத்தை இந்த மண்டபத்திலேயே நடத்தலாமா என்று கேட்கிறார்."

வாமதேவர் குறுக்கிட்டு, அவ்வழக்கம் குடிகளுக்கேயன்றி அரசர்க்கன்று என்றார்.

"அப்படியானால் அந்த வாணிகர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், அமைச்சரே?" என்ற அரசன், சட்டென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தேருக்கு இரண்டு குதிரைகள் போதும் என்றும், கன்னார் தெருச் சுவர்களின் விரிசல்களை அரண்மனைச் செலவிலேயே சுண்ணாம்புச் சாந்திட்டு அடைக்கவேண்டும் என்றும் ஆணையிட்டான். தன் பொன்னாடையைச் சாத்தையனுக்குப் போர்த்தினான்.

மாலைக்குள் எல்லோரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர். மாடக்கண்ணு மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மகாராசா, அண்டா வாசலவிடப் பெருசாப் போச்சு. நிலையப் பேத்தாத்தான் வெளிய வரும்."

அரசன் மறுபடியும் சிரித்து, கடப்பாரையை வாமதேவர் கையிலேயே கொடுக்கச் சொன்னான். அவ்வாண்டு அந்நகரில் இடிபட்டது அமைச்சரின் அந்த ஒரு வாசல்தான்.