செண்பகம் பேசியது

மடத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து கோதண்டபாணி நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. பழையதில் இருந்த கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தார். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகம் போனபின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான திலகவதி அம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி வேலை செய்தது. இன்னும் பத்து நிமிடம் என்று காட்டும். கண் மூடித் திறப்பதற்குள் நாலு மணி நேரம் என்று காட்டும். கோதண்டபாணி இரண்டையும் நம்பினார். அரசாங்கத்தில் வேலை பார்த்தவருக்கு அது பழக்கம்தான்.

கடைசியில் அம்மையே வந்து எட்டிப் பார்த்தார்.

“சாப்பிட வாங்க.”

“ஓடிக்கிட்டிருக்கும்மா.”

“நீங்க உக்காந்து பார்த்தாத்தான் ஓடுமா?”

அவர் எழுந்திருக்கவில்லை. அம்மை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘ரொம்பப் பழசு’. அதற்குள்ளும் ஏதோ ஒரு பழசு. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் முந்தையதை முழுசாகத் தூக்கி உள்ளே போட்டு வைத்திருந்தார். மடத்தின் பழைய கரண்ட் பில்கூட மூன்று இடத்தில் இருந்தது.

“இதுல கொஞ்சத்தைக் கழிச்சுக் கட்டலாமே.”

“எதுக்குள்ள எது இருக்கோன்னு பயமா இருக்கும்மா.” அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “தூக்கித் தூக்கி வெச்சு அலுத்துப்போச்சு. இதுவும் ஒருநாள் பழசாகும். மறுபடியும் தூக்கணும்.”

“அப்படி எதைக் காப்பாத்த இவ்வளவு பாடு?”

அவர் தயங்கினார். பிறகு எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த ஃபோல்டரைத் திறந்தார். ஒரே ஒரு ஒலிப்பதிவு. ‘செண்பகம்’ என்று பெயர்.

“ஆஸ்பத்திரியில இருந்து எனக்குன்னு பேசி அனுப்பினா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா. போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தினேன். அதுல இருந்து இதுக்கு. இப்ப அந்தப் புதுசுக்கு.”

“புதுசுக்கு வந்துடுச்சா?”

“முதல்ல அதைத்தான் போட்டேன்.”

“கெடாம வந்திருக்கா?”

“இங்க இருக்கற ஃபைல் அளவும் அங்க இருக்கற ஃபைல் அளவும் ஒண்ணா இருக்கும்மா. ஒவ்வொரு தடவையும் அதை வெச்சுத்தான் சரிபார்ப்பேன்.”

“என்ன சொல்லியிருக்காங்க?”

பழைய கம்ப்யூட்டர் சூடேறி இரைந்தது.

“தெரியாதும்மா. கேக்கலை.”

“இத்தனை வருஷமாவா?”

“கேட்டுட்டா முடிஞ்சுபோச்சே. அதுக்கப்புறம் எங்கிட்ட சொல்றதுக்கு அவகிட்ட ஒண்ணுமே மிச்சம் இருக்காதே.”

சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை அம்மை காத்திருந்தார்.

“அவங்ககிட்ட சொல்ல உங்களுக்கு ஏதாவது இருக்கா?”

“என்னென்னவோ இருக்கும்மா. ஒண்ணுகூடச் சொன்னதில்லை. மனசுக்குள்ளகூட வர மாட்டேங்குது.”

அம்மை எழுந்து கதவருகே போனார்.

“எப்படி வரும்? முதல்ல அவங்க பேசி முடிக்கட்டும். அப்புறம் நீங்க சொல்லுங்க.”