கரிப்பூஞ்சைக்குக் கிடைத்த நான்கு கால்கள்

காட்டோரச் சோளக்கொல்லையின் வரப்பில் வளை தோண்டிக் குடியிருந்தது செம்பன் என்ற கீரி. சோளம் தின்ன எலி வரும். எலி தின்னப் பாம்பு வரும். இரண்டையும் பிடித்துக் குட்டிகளுக்கு ஊட்டும் செம்பன். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்!

காற்றே இல்லாமல் மழை மூட்டம் போட்டிருந்த ஒரு காலையில், "இந்தக் கொல்லைக்கே நான்தான் ராஜா! என் பல்லுக்குத் தப்பியவர் உண்டா?" என்று அது கத்தியது.

"ஏன், நான் இருக்கிறேனே!" என்றது ஒரு குரல்.

வரப்போரக் கதிர் ஒன்றில் மணிகளே இல்லை. கரும்பொடிதான் அடைந்திருந்தது. பேசியது அதில் குடியேறியிருந்த கரிப்பூஞ்சை.

"நீயா? பல் இல்லை, நகம் இல்லை, ஓடக் காலும் இல்லை! நீ எனக்குச் சமமா?"

"உன்னைவிடப் பெரியவன்! உன்னால் ஒரு பாம்பைப் பிடிக்க முடியும். நான் நினைத்தால் கொல்லையையே பிடிப்பேன்!"

பனை ஓலையில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவி பதறியது. "செம்பண்ணே, அதைத் தொடாதே! பொடி பறந்தால் எல்லாக் கதிரும் கெட்டுப்போகும். கொல்லைக்காரி சாக்கோடு வருவாள், பொடி பறக்காமல் மூடி அறுத்துக்கொண்டு போவாள்!"

செம்பன் கேட்டால்தானே! பாம்பைக் கவ்வுவது போலவே பாய்ந்து கதிரைக் கவ்வியது. பாம்பை உதறுவது போலவே உதறு உதறு என்று உதறியது. மூஞ்சி முதல் வால் வரை கரும்பொடி அப்பிக்கொண்டது.

"சபாஷ்!" என்று சிரித்தது பூஞ்சை. "இனி உன் நாலு காலும் என் கால்! ஓடு, கொல்லையெல்லாம் ஓடு!"

செம்பன் பொடி அப்பிய தன் கால்களைப் பார்த்தது. சோளம் போனால் எலி வராது. எலி வராவிட்டால் குட்டிகள் எதைத் தின்னும்?

"மழை வரப்போகுது அண்ணே! அதுவரை அசையாமல் நில்!" என்றது குருவி.

அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த எலி வந்தது. கரியாக நின்ற கீரியைக் கண்டதும் அதற்குக் கொண்டாட்டம்! "என்ன மாமா, தவமா?" என்று வாலைப் பிடித்து இழுத்தது. எதிரிலேயே உட்கார்ந்து சோளத்தைக் கொறித்தது.

"எலி போயிடும் செம்பா! பாய்!" என்று தூண்டியது பூஞ்சை.

செம்பனின் மீசை துடித்தது. ஆனால் கால் அசையவில்லை. பிறந்தது முதல் ஓரிடத்தில் நின்றறியாத கீரிக்கு அது பெரிய தண்டனைதான்!

சடசடவென்று மழை கொட்டியது. கரும்பொடி கரைந்து வரப்புச் சேற்றில் இறங்கியது. எலியோ வாய் நிறையச் சோளத்தோடு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல்!

அன்று குட்டிகளுக்கு விருந்து. மழை விட்டதும் கொல்லைக்காரி வந்து, மிச்சமிருந்த கரிக்கதிரைச் சாக்கால் மூடி அறுத்துப்போனாள். செம்பன் வளைக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி, அந்தக் கதிர்ப் பக்கமே போகவில்லை.

எதிரி எப்படிப்பட்டவன் என்று அறியாமல் பாய்ந்தால், நம் பலமே அவனுக்குக் காலாகிவிடும்.