மூக்கரிப்பு மந்திரம்

யானைக் கொட்டில் வாசலுக்கு டம் டம்மென்று முதலில் தண்டோரா சத்தம்தான் வந்தது. பின்னால் பல்லக்கில் அரண்மனை மந்திரவாதி உத்தண்டநாதர் வந்தார். வேடிக்கை பார்க்க ராசாவும் வந்தார்.

மோத ஆளில்லாமல் மந்திரவாதியின் மந்திரங்கள் துருப்பிடிக்கின்றனவாம். யானைக் கொட்டில் கூட்டும் சடைச்சிக்கும் ஏதோ மந்திரம் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தோற்றால் அவள் ஊரைவிட்டுப் போக வேண்டும். போட்டிக்கு மறுத்தாலும் போக வேண்டும். அவ்வளவு நியாயமான மனிதர்.

ஆட்டத்தில் மாறி மாறி ஆளுக்கொரு முறை. சின்ன மந்திரம் தவறாது. பெரிய மந்திரம் பலித்தால் அதோடு வெற்றி. நடுவில் பிசகினால் போட்டவர் மேலேயே பாயும்.

சடைச்சி தனக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைப் போட்டாள். உத்தண்டநாதருக்கு மூக்கு அரித்தது. கூட்டம் சிரித்தது.

"அரிப்பு நிக்கச் சின்ன மந்திரம் ஒண்ணு போட்டுக்கோங்க சாமி. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றாள் சடைச்சி.

"நானா? சின்ன மந்திரமா?"

அவளைப் பூசணிக்காயாக்கும் நீண்ட மந்திரத்தை எடுத்தார். பாதிவரை கம்பீரமாகப் போனார். பிறகு தும்மினார்.

பல்லக்கில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

"என்ன மந்திரம் போட்டே?" என்றார் ராசா.

"மூக்கரிப்பு மட்டுந்தான் மகாராசா. மத்ததெல்லாம் சாமியே சொன்னது."

பூசணிக்காயை யானைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, சடைச்சி கொட்டிலில் லத்தி அள்ளப் போனாள்.