அஞ்சு தண்டுச் செடியும் ஒரு நாள் வைத்த தண்ணீரும்

எங்கள் கூத்தம்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. இருந்தது தீர்ந்தால்தானே பஞ்சம். நானும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட ஊரிலும் பொறுக்கி எடுத்த ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு வாசிப்பது அவர்கள் தொழில்.

துரைக்கண்ணு டிரம்பெட் ஊதுவார். வயதில் மூத்தவர், ஆகையால் தலைவர். பக்கிரிசாமிக்கு மலைப்பாம்பு மாதிரி தோளைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல். சவரிமுத்துவுக்கு வயிற்றில் மாட்டுகிற பெரிய டிரம். நாலாவது ஆள் மாசிலாமணி. கிளாரினெட்.

முன்னூறு மாப்பிள்ளைகளை மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த மாசிலாமணிக்கு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போனதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. அவன் என்ன செய்வான்? தன் புத்தியைப் பற்றி அவனுக்கு எந்த மயக்கமும் கிடையாது. கால் காசு பெறாது என்று அவனே சொல்வான். ஆனால் மற்ற மூவருக்கும் புத்தி நிறைய இருக்கிறது என்று மனசார நம்பினான். கோளாறு அங்கேதான்.

ஏழாவதாகப் பார்த்த பெண் அஞ்சுகம். டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருக்கிறவள். காபித் தட்டோடு வந்து குனிந்து நிற்கவில்லை. தொட்டி கழுவின ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்து, நேராகக் கேட்டாள்.

“இதுவரைக்கும் எதையாச்சும் வளத்திருக்கீங்களா?”

“மீசைங்க,” என்றான் மாசிலாமணி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்ததில் வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

அஞ்சுகம் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மற்ற ஆறு பேரும் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போனவர்கள். இவள் இல்லையென்றால் தனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நிமிஷமே மாசிலாமணி முடிவு செய்துவிட்டான்.

அவள் ஒரு கண்ணாடித் தொட்டியையும், அஞ்சு தண்டுச் செடியையும் எடுத்து வைத்தாள். இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. “இது தண்ணிக்குள்ளயே வளர்ற செடி. நாப்பது நாள் உங்க வீட்ல உயிரோட, செவப்பு மாறாம இருக்கட்டும். அதப் பாத்துட்டு என் பதிலச் சொல்றேன்,” என்றாள். பராமரிக்கிற விதத்தை ஒரு மீன் தீனி அட்டையின் முதுகில் எழுதியும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பேரும் அட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் வரி, தண்டுகளை ஒரு விரல் இடைவெளி விட்டு மணலில் நடவும் என்றது.

“யாரு வெரல்னு போடலியே,” என்றார் துரைக்கண்ணு.

“எழுதினது அந்தப் பொண்ணு. அது வெரலாத்தான் இருக்கும்,” என்றார் பக்கிரிசாமி.

“அப்பப் போயி அளந்துட்டு வந்துருவமா?”

மாசிலாமணிக்கு அதில் ஆசைதான். ஆனால் நிச்சயம் ஆகாத பெண்ணின் விரலை அளப்பது முறையில்லை என்று சவரிமுத்து தடுத்துவிட்டான். வெகுநேரம் யோசித்த பிறகு, அஞ்சு தண்டுக்கு நடுவே நாலு இடைவெளி வருகிறது, நாமும் நாலு பேர் இருக்கிறோம் என்பதைத் துரைக்கண்ணு கண்டுபிடித்தார். ஆளுக்கொரு விரலை மணலில் ஊன்றி நட்டு முடித்தார்கள். பக்கிரிசாமியின் விரல் பருமன், அதனால் கடைசிச் செடி மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

இரண்டாவது வரி, தினமும் எட்டு மணி நேரம் வெளிச்சம். மூன்றாம் நாளே கரண்டு போய்விட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆட்களா அவர்கள்? ஊர்வல விளக்கும் ஜெனரேட்டரும் கையில் இருக்கிறதே. தொட்டியைத் தூக்கி வாசலில் வைத்து, இரண்டு பக்கமும் டியூப்லைட் கொத்துகளை நிறுத்தி, மேலே ‘நல்வரவு’ என்று எரிகிற சீரியல் விளக்கையும் கட்டினார்கள். பட்டப்பகலில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது.

“யாருக்குப்பா கல்யாணம்?” என்று கேட்டார்கள்.

“எனக்குத்தான். ஆனா இன்னும் முடிவாகல. செடி சொல்லணும்,” என்றான் மாசிலாமணி.

அதன் பிறகு கரண்டு இருந்த நாளிலும் ஊர்வல விளக்குதான். செடிக்கு ஒன்று பழகிவிட்டால் மாற்றக் கூடாது என்றார் துரைக்கண்ணு.

மூன்றாவது வரி, செடிக்குக் கரியமில வாயு வேண்டும் என்றது. ‘நாம் விடும் மூச்சில் இருப்பது. அதற்கான சிலிண்டர் கடையில் கிடைக்கும்’ என்றும் எழுதியிருந்தது.

“மூச்சுக்கு சிலிண்டரா?” துரைக்கண்ணு முகத்தில் அடிபட்ட கோபம் தெரிந்தது. “நாம யாரு, நம்ம தொழில் என்னன்னு அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லவே இல்லையா மாசி?”

முறை வைத்து ஊதினார்கள். ஒரு ரப்பர் குழாயைத் தண்ணீரில் விட்டு, காலையில் மாசிலாமணி, மதியம் துரைக்கண்ணு, சாயங்காலம் பக்கிரிசாமி. வெறுமனே ஊதினால் மூச்சு சீராக வரவில்லை என்று பாட்டாகவே ஊதினார்கள். டிரம்காரனின் மூச்சுக்குப் பயிற்சி போதாது என்று சவரிமுத்துவை விலக்கி வைத்தார்கள். அவன் மனசு உடைந்து, தாளமாவது போடுகிறேன் என்று தொட்டிக்குப் பக்கத்தில் டிரம்மை வைத்து அடித்தான். மணல் குதித்து, அஞ்சு தண்டும் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. மறுபடி நாலு விரலையும் ஊன்றி நட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம். மூச்செல்லாம் செடிக்குப் போய்விட்டதால், அந்த வாரம் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் மூன்று பேருக்கும் உதடு வீங்கி ஊத முடியவில்லை. கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் சவரிமுத்து ஒருவன் மட்டும் டம், டம் என்று அடித்துக்கொண்டு போனான். அந்த மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கி, இது கல்யாணமா, ஏலம் போடுகிறார்களா என்று கேட்டாராம்.

அடுத்து, இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பு மங்கும் என்ற வரி. பக்கிரிசாமி முருங்கைக்கீரை என்றார். முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறதென்றால் காந்தம் ஏன் ஒட்டவில்லை என்று சவரிமுத்து கேட்டதோடு கீரை அடிபட்டுப்போனது. கடைசியில் ஒரு பழைய மாட்டு லாடத்தைத் தொட்டியில் போட்டார்கள். ஒரே வாரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது.

“செடிய மட்டும் செவப்பா வெச்சுக்கச் சொன்னாங்க. நாம தண்ணியவே செவப்பாக்கிட்டோம்,” என்று துரைக்கண்ணு பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

இவ்வளவும் தாங்கிய செடிக்கு உண்மையான கண்டம் தண்ணீரில் வந்தது. வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். புதுத் தண்ணீரைப் பிடித்து ஒரு முழு நாள் பக்கெட்டில் வைத்திருந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். எடுக்கிற காரியம் சுலபமாக முடிந்தது. புதுத் தண்ணீரும் பிடித்து வாசற்படி ஓரம் வைத்தாகிவிட்டது. பக்கிரிசாமி வழக்கம்போல் வந்து அதில் ஒரு செம்பு மொண்டு காலைக் கழுவினார். நாணயஸ்தர். மொண்ட செம்பைக் குழாயில் பிடித்துத் திரும்ப ஊற்றி வைத்தார்.

“இப்ப இதுல ஒரு செம்பு புதுசு. அதுக்கு ஒரு நாள் ஆவணுமே,” என்றார் துரைக்கண்ணு.

“பழச மட்டும் எடுத்து ஊத்துவோம்ணே,” என்றான் மாசிலாமணி.

“எது பழசு?”

“புதுசு மேல நிக்கும். பழசு அடியில கெடக்கும்,” என்றான் சவரிமுத்து.

அடித் தண்ணீரை எடுக்கச் செம்பை விட்டார்கள். எப்படி விட்டாலும் மேல் தண்ணீர்தான் முதலில் உள்ளே பாய்ந்தது. “புதுசு முந்திக்குது,” என்று துரைக்கண்ணு வருத்தப்பட்டு, இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். மறுநாள் பக்கிரிசாமி மறுபடி கால் கழுவினார். தினமும் வருகிறவர் தினமும் கழுவத்தானே வேண்டும். அந்தத் தண்ணீருக்கு ஒரு நாள் ஆகவே இல்லை.

ஆக, வாராவாரம் கால்பங்கு வெளியே போனது, உள்ளே ஒன்றும் வரவில்லை. தண்ணீர் இறங்க இறங்கச் செடியின் நுனி மட்டத்தைத் தொட்டது. தொட்டால் நுனியை வெட்டி, வெட்டிய நுனியையும் நட வேண்டும் என்பது கடைசி வரி. வெட்டினார்கள், நட்டார்கள். அஞ்சு பத்தானது, பத்து பதினெட்டானது.

“அண்ணே, செடி வளருதா, தண்ணி கொறையுதா?” என்று ஒரு நாள் மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்தது.

“தொட்டி கொறைஞ்சுதா?” என்றார் துரைக்கண்ணு.

“இல்லண்ணே.”

“அப்பச் செடிதான் வளருது.”

மாசிலாமணி சமாதானமாகிவிட்டான்.

நாற்பதாம் நாள் அஞ்சுகம் வந்தாள். மாசிலாமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தொட்டியில் நாலு விரல் உயரம் செம்மண் தண்ணீர். அதில் ஒரு லாடம். அதைச் சுற்றி முப்பத்தேழு குட்டைத் துண்டுகள் நாற்றங்கால் போல நெருக்கிக்கொண்டு நின்றன. ஆனால் ஊர்வல விளக்கில் நாற்பது நாள் குளித்ததாலோ என்னவோ, ஒவ்வொரு நுனியும் மிளகாய்ச் சிவப்பு.

அஞ்சுகம் ரப்பர் குழாயைப் பார்த்தாள், நல்வரவைப் பார்த்தாள், மூன்று பேரின் வீங்கிய உதட்டைப் பார்த்தாள்.

“ஒரு நாள்கூட விடாமச் செஞ்சீங்களா?”

“ஒரு நாள்கூட விடலங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க எழுதினத மட்டும் செஞ்சேன்,” என்றான் மாசிலாமணி.

அவள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “பத்து வருசமா கடை வெச்சிருக்கேன். எழுதிக் கொடுத்த அட்டைய ஒருத்தராச்சும் படிச்சதா நான் பாத்ததில்ல,” என்றாள். பிறகு, “எனக்குச் சம்மதம்,” என்றாள். சவரிமுத்து டிரம்மை அடித்த அடியில் துண்டெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. யாரும் கவலைப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்கள் கூத்தம்பட்டிக்காரர்களே இல்லை. அஞ்சுகம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நலங்கு மஞ்சள் பூசின மாப்பிள்ளை ஒரு முழு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் மண்டபத்துக்குப் புறப்பட வேண்டும். அவளே இதைச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் மஞ்சள் பூசினார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சாயங்காலம் வந்த பக்கிரிசாமி, கன்னத்தில் மஞ்சள் காய்ந்திருக்கிறதே என்று பிரியமாக இன்னும் ஒரு கை பூசும் வரைக்கும்.

மறுநாள் முகூர்த்த நேரம். மாசிலாமணி மஞ்சளும் தானுமாக நடுவீட்டில் உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணே, தாலி கட்டற நேரம் போயிருமே.”

“பக்கிரி பூசினதுக்குச் சாயங்காலந்தான் முழு நாள். தங்கச்சி சொன்னத மீறலாமா?” என்றார் துரைக்கண்ணு.

இவர்கள் மூவரும் தவறாகச் சொல்கிறார்களோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக மாசிலாமணிக்குத் தோன்றியது. ஆனால் அந்த எண்ணம் தன் தலையிலிருந்து வந்தது என்பதால் அவன் அதை நம்பவில்லை. கண்ணீர் மட்டும் மஞ்சளில் இரண்டு கோடு போட்டு இறங்கியது.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பட்டுப்புடவையும் கழுத்தில் மாலையுமாக அஞ்சுகம் இறங்கி வந்தாள். விஷயத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மஞ்சள் பூசின மாப்பிள்ளையைப் பார்த்தாள். வாசற்படி ஓரம் இருந்த பக்கெட்டைப் பார்த்தாள். அதைத் தூக்கி அப்படியே மாசிலாமணி தலையில் கவிழ்த்தாள். பழைய மஞ்சள், புது மஞ்சள் எல்லாம் ஒன்றாக ஓடிவிட்டது.

“இப்ப மஞ்சளே இல்ல. ஏறுங்க வண்டில,” என்றாள்.

துரைக்கண்ணு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“கெடுத்தியே தங்கச்சி. அந்தத் தண்ணிக்கு நாளைக்குக் காலைலதாம்மா ஒரு நாள் ஆவுது.”