வேங்கைமலைக்குப் போன நொண்டிக் கோழி

முன்னொரு காலத்தில் மணவாளபுரத்தைத் தீரசிங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கக் கௌரவம் விடாது. கல்யாணமான புதிதில் ஒரு சேவல் சண்டையில் அவனுடைய சேவல் மாமனாரின் சேவலிடம் தோற்றுப்போனது. வேங்கைமலைத் தலைவரான மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாவுக்கு முகம் சிவந்தது.

"இனி இரண்டு கால் ஊன்றி நடக்கிற எதுவும் என் அரண்மனையிலிருந்து வேங்கைமலை மண்ணை மிதிக்கக் கூடாது!" என்று சபையிலேயே ஆணையிட்டுவிட்டான்.

அன்றோடு ராணி கோமளவல்லிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது.

கல்யாணச் சீராக வந்ததில் அவளுக்கு மிஞ்சியது செம்பி என்ற சிவப்புக் கோழி ஒன்றுதான். இளம் வெடைக்கோழியாக வந்தது, இப்போது கிழடு தட்டி, முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டது. தினமும் காலையில் ராணி கொல்லைப்புறம் வந்து உட்காருவாள். "ஏட்டி செம்பி, நம்ம மலையிலே இப்ப பலா பழுத்திருக்குமா?" என்று ஊர்ப் பேச்சில் கேட்பாள். அந்தப் பேச்சைக் காதில் வாங்க அரண்மனையில் வேறு ஆள் கிடையாது. கோழி 'கொக்கொக்' என்னும். அது போதும் என்று அவள் மனசைத் தேற்றிக்கொள்வாள்.

அரண்மனை அதிகாரி மார்த்தாண்டருக்கு மந்திரி ஆசனத்தின் மேல் ஒரு கண். ராஜாவிடம் நல்ல பேர் வாங்க எதையாவது செய்துகொண்டே இருப்பார். "ராணியின் கொல்லையில் மண்தரையா? அவமானம்!" என்று கருங்கல் பாவினார். கோழி அடைகிற கட்டையை ஆள் உயரத்துக்கு ஏற்றி, பித்தளைப் பூண் போட்டார்.

கிழட்டுக் கோழி தினமும் விடிந்ததும் அங்கிருந்து கல்லில் தொப்பென்று குதித்தது. கொஞ்ச நாளில் வலது உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்குக் கட்டியது. ராணி உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, துணி சுற்றிவிட்டாள். வைக்கோலில் படுக்கவைத்தாலும் செம்பி கேட்டால்தானே? இருட்டினால் உயரம் தேடுவது கோழிப் பிறவியின் குணம். கொஞ்சம் ஆறும், மறுபடி குதிக்கும், மறுபடி வீங்கும். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தது.

"மகாராஜா, உங்கள் முழங்கால் வலிக்குக் கிழட்டுக் கோழி ரசம் ரொம்ப நல்லது" என்றார் மார்த்தாண்டர்.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. மந்திரி சாத்தப்பரைப் பார்த்து, "எதற்கும் ஒரு வழி உண்டு என்பீரே! அமாவாசைக்குள் இந்தக் கோழியின் காலுக்கு வழி சொல்லும். இல்லாவிட்டால் கோழி சட்டிக்கு, உம்முடைய ஆசனம் மார்த்தாண்டருக்கு" என்றான்.

சாத்தப்பர் கொல்லைப்புறம் போனார். ராணி கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதற்கு என்ன வேண்டும், தாயே?"

"மெத்தென்ற மண். ஏறி இறங்கச் சிரமமில்லாத கட்டை. எங்கள் மலையில் இலை மக்கி மக்கி மண் பஞ்சு மாதிரி இருக்கும். அங்கே போனால் இது பிழைத்துக்கொள்ளும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லையாம். வழிப்போக்கர் யாரோ சொன்னார்கள்."

மந்திரி கோழியின் தூக்கிய காலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சபைக்கு ராணியே கோழியோடு வந்தாள். "மருந்து கிடைத்துவிட்டது மகாராஜா. இதை வேங்கைமலைக்கு அனுப்ப வேண்டும்" என்றார் சாத்தப்பர்.

மார்த்தாண்டர் துள்ளி எழுந்தார். "ஆணையை மறந்துவிட்டீரா? கோழிக்கும் இரண்டு கால்!"

"இரண்டு கால் ஊன்றி நடக்கிறதா என்று பாரும்." மந்திரி கோழியைத் தரையில் விட்டார். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான்.

"சரி, கொண்டுபோகிறவர்?" என்றார் மார்த்தாண்டர் விடாமல்.

"ராணியம்மா பல்லக்கில் போவார்கள். பல்லக்கில் யாரும் நடப்பதில்லை. எல்லையில் வேங்கைமலை ஆட்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள்."

ராஜா சிரிப்பை நிறுத்தினான். "அங்கே போய் இறங்கின பிறகு?"

சாத்தப்பர் கைகூப்பினார். "அதற்குத்தான் அடியேனிடம் பதில் இல்லை. அந்த ஒரு காலடிக்கு வழி மகாராஜாவின் வாயில்தான் இருக்கிறது."

ராஜா மனைவியைப் பார்த்தான். "போக வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே?"

"கேட்டு, நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எதை நினைத்துக்கொண்டு நான் தூங்குவேன்?" என்றாள் கோமளவல்லி.

ராஜா தலை குனிந்தான். "ஒரு சேவலுக்காக உன்னைக் கட்டிப்போட்டுவிட்டேன். ஆணை போயிற்று. போய் வா." பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினான். "மார்த்தாண்டரே, கொல்லைக் கல்லைப் பெயர்த்து முடிக்கும்வரை தினமும் காலையில் அந்தக் கட்டையில் ஏறி வெறுங்காலோடு குதியும்." அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கல் பாக்கியில்லாமல் பெயர்ந்துவிட்டது.

வேங்கைமலையில் அப்பா ராணியின் முகத்தைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். "எத்தனை நாள் இருப்பே தாயி?" என்றார். "செம்பிக்குக் கால் ஆறுகிற வரைக்கும்" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கால் ஆறிவிட்டது. அவள் சொல்லி அனுப்பவில்லை. மணவாளபுரத்தில் ராஜா தினமும் மந்திரியைக் கேட்பான்: "கோழிக்குக் கால் ஆறிற்றா?"

"வயசான கால், மகாராஜா. மெல்லத்தான் ஆறும்."

"எவ்வளவு மெல்ல?"

"யாராவது நேரில் போய்க் கூப்பிடுகிற வரைக்கும்."

பலா மரத்தடியில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த கோமளவல்லி நிமிர்ந்து பார்த்தபோது, ராஜா குதிரையை அடிவாரத்தில் விட்டுவிட்டுத் தனியாக ஏறி வந்துகொண்டிருந்தான். மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்புறம் ராணியின் பக்கம் திரும்பினான்.

"கோழிக்கு எப்படி இருக்கிறது?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் நொண்டுகிறது" என்றாள் ராணி. அவளுக்குப் பின்னால் செம்பி இரண்டு காலாலும் மண்ணைப் பறபறவென்று கிளறிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் நானும் இருந்து பார்க்கிறேன்" என்று ராஜா அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.